எது பெரிய புயல்?

நவம்பர் பிறந்துவிட்டால் ஆசிரியர்களாகிய நாம் இரண்டு கேள்விகளுக்குத் தயாராக இருக்க வேண்டும். ஒன்று, "டீச்சர், நாளைக்கு லீவுங்களா?" இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். ஆகவே நாம் தப்பித்துக்கொள்ளலாம். இன்னொன்று, "இது பெரிய புயலுங்களா டீச்சர்?" இதிலிருந்து தப்ப முடியாது. தொலைக்காட்சியில் தீவிரம், அதிதீவிரம் என்று கேட்டுவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்களின் பொருளை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காதர்பேட்டைப் பகுதியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. எங்கள் ஊர் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய ஊர் கடலோரத்தில் இருக்கிறது. பனியன் கம்பெனி வேலைக்காக வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் என்று ஒரே வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் வளிமண்டலம் பாடம் நடத்திய ஒரு நாள் விவாதம் சூடாகிவிட்டது. "கஜாதான் டீச்சர் பெரிசு. எங்க தாத்தா தோப்புல ஒரு தென்னைகூட நிக்கல" என்றாள் ஒரு மாணவி. பூரி பக்கத்து மாணவன் ஒருவன் விடவில்லை. "ஃபானிதான் டீச்சர். எங்க ஊர்ல ரொம்ப நாள் கரண்டே இல்ல." இதைக் கேட்டுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன் ஒருவன், "ரெண்டுல எதுங்க டீச்சர் எக்ஸ்எல்?" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் கேட்ட விதம்தான் சரியான விதம் என்று எனக்குத் தோன்றியது. புயலின் தரம் என்பது பனியன் கழுத்தில் இருக்கும் சைஸ் சீட்டு போன்றதுதான். ஓர் அளவை மட்டும் எடுத்து, அதைச் சில கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பனியனுக்கு அந்த அளவு மார்புச் சுற்றளவு. புயலுக்குக் காற்றின் வேகம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டங்கள் இவை. காற்றின் வேகம் மணிக்கு 31 கி.மீ.யைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 ஆனதும் அது புயல். பெயர் சூட்டுவதும் இங்கேதான். 89 முதல் தீவிரப் புயல். 118 முதல் அதிதீவிரப் புயல். 167 முதல் மிக அதிதீவிரப் புயல். 222 கி.மீ.க்கு மேல் சூப்பர் புயல்.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினால் கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதென்ன 62, 89, 118? 60, 90, 120 என்று வைத்திருக்கக் கூடாதா? இதற்குப் பதில் பாய்மரக் கப்பல் காலத்தில் இருக்கிறது. 1805இல் பிரான்சிஸ் போபர்ட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, காற்றைக் கருவியில்லாமல் அளக்க 0 முதல் 12 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். எவ்வளவு பாய் விரிக்கலாம், எப்போது சுருட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய அளவு. பிற்காலத்தில் அந்தப் படிகளுக்கு வேக எண்களைப் பொருத்தினார்கள். நம் வானிலைத் துறையின் 31, 50, 62, 89, 118 ஆகியவை முறையே போபர்ட் அளவின் 5, 7, 8, 10, 12ஆம் படிகள் தொடங்கும் இடங்கள். கடலில் வேகத்தை நாட் கணக்கில்தான் சொல்வார்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. 48 நாட்டையும் 64 நாட்டையும் பெருக்கிப் பார்க்கச் சொன்னால் 89உம் 118உம் தாமாக வந்துவிடும். ஐந்து நிமிட வேலை, பிள்ளைகளுக்கு ஒரு மர்மம் விலகும்.

போபர்ட் அளவை நம் பள்ளி மைதானத்திலேயே பழக்கலாம். புகை நேராக மேலே போனால் 0. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 3. புழுதியும் காகிதமும் (எங்கள் ஊரில் பஞ்சும் வெட்டுத்துணியும்) பறந்தால் 4. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கச் சிரமமானால் 6. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை வைத்து நான்காம் படிவரை பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சரி, காற்றின் வேகம் என்றால் எந்த வேகம்? செய்தியில் "தரைக்காற்று மணிக்கு 70 முதல் 80 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 90 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும்" என்று வாசிப்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு வேறு அளவுகள் இருக்கின்றன. முதலாவது, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில், தொடர்ந்து 3 நிமிடம் வீசிய காற்றின் சராசரி. இரண்டாவது, சில நொடிகள் மட்டும் அடித்து ஓயும் வீச்சு. தரம் பிரிப்பது முதல் எண்ணை வைத்து. மரக்கிளையை முறிப்பதும் கூரைத் தகட்டைப் பிய்ப்பதும் பெரும்பாலும் இரண்டாவது.

ஏன் 3 நிமிடம்? அது இந்தியாவின் வழக்கம். அமெரிக்கர்கள் 1 நிமிடச் சராசரி எடுக்கிறார்கள். உலக வானிலை அமைப்பின் பொது அளவு 10 நிமிடம். இதனால் ஒரே புயலுக்கு ஒவ்வொருவர் ஒவ்வோர் எண் சொல்வார்கள், எல்லோரும் சரியாகவே சொல்லியிருப்பார்கள். இதை விளக்க நான் ஓவர்லாக் தையல்காரரைத்தான் துணைக்கு அழைப்பது வழக்கம். ஒருவர் மும்முரமான ஒரு நிமிடத்தில் 3 பீஸ் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் மணிக்கு 180 பீஸ். மூன்று நிமிடம் பார்த்தால் 8 பீஸ், மணிக்கு 160. பத்து நிமிடம் பார்த்தால் நூல் அறுந்திருக்கும், பண்டல் மாற்றியிருப்பார். 22 பீஸ்தான், மணிக்கு 132. ஆள் ஒருவரே, மிஷினும் ஒன்றே, எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதுதான் வேறு. பீஸ் ரேட்டில் அப்பா சம்பளம் வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. அமெரிக்கச் செய்தியில் வரும் புயல் எண்ணையும் நம் வானிலைத் துறை எண்ணையும் பக்கத்தில் வைத்து அப்படியே ஒப்பிடக் கூடாது என்பது இதிலிருந்து தானே விளங்கிவிடும். அமெரிக்க ஆர்டருக்குத் தைத்து மிச்சமாகி காதர்பேட்டைக் கடைக்கு வரும் எம் சைஸ் பனியன், நம்மூரில் எல் போடுகிறவருக்குச் சரியாக இருப்பதில்லையா, அதுபோல.

அமெரிக்க அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 'ஹரிக்கேன்', கிழக்காசியாவில் 'டைபூன்', நமக்குப் 'புயல்' அல்லது 'சைக்ளோன்', எல்லாம் ஒரே நிகழ்வுதான். சைக்ளோன் என்ற சொல்லையே உலகுக்குக் கொடுத்தவர் கொல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், 1848இல். ஹரிக்கேன்களை 1 முதல் 5 வரை வகைப்படுத்தும் அளவை 1970களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் சாஃபிர் என்ற கட்டடப் பொறியாளரும் ராபர்ட் சிம்ப்சன் என்ற வானிலையாளரும் உருவாக்கினர். அதன் முதல் வகை மணிக்கு 119 கி.மீ.யில் தொடங்குகிறது. நம் கணக்கில் அது அதிதீவிரப் புயலின் வாசல். அதாவது நாம் புயல், தீவிரப் புயல் என்று சொல்லும் இரண்டுக்கும் அந்த அளவில் எண்ணே கிடையாது.

இனி, இந்த வேகத்தை யார் போய் அளக்கிறார்கள்? நடுக்கடலில் காற்றுமானியோடு யாரும் நிற்பதில்லை. கரையில் நிலையங்கள் இருந்தாலும் புயலின் மிக வலுவான பகுதி அவற்றின்மேல் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. போனாலும் கருவி தாங்க வேண்டும். அமெரிக்காவில் விமானத்தை உள்ளே அனுப்பிக் கருவிகளைப் போடுகிறார்கள். நம் கடல்களில் செயற்கைக்கோள் படம்தான் முதன்மையான ஆதாரம்; கரையை நெருங்கியதும் சென்னை, காரைக்கால் ரேடார்கள் உதவிக்கு வரும். வெர்னன் டுவோராக் என்பவர் 1970களில் வகுத்த முறைப்படி, மேகம் எவ்வளவு தூரம் சுற்றிச் சுருண்டிருக்கிறது, கண் தெளிவாகத் தெரிகிறதா, கண்ணுக்கும் சுற்றியுள்ள மேக உச்சிகளுக்கும் வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு என்று பார்த்து 1 முதல் 8 வரை ஒரு டி எண் கொடுப்பார்கள். டி 2.5 என்றால் புயல். டி 4 என்றால் அதிதீவிரப் புயல். முகத்தைப் பார்த்துக் காய்ச்சலின் அளவைச் சொல்லும் அனுபவசாலி மருத்துவரைப் போன்ற வேலை இது. ஆகவே புயல் இரவில் அறிவிக்கப்படும் எண்ணும், எல்லாத் தரவுகளையும் சேர்த்து ஆராய்ந்த பிறகு வெளியாகும் எண்ணும் சில சமயம் வேறுபடும். பிள்ளைகள் இரண்டையும் இணையத்தில் பார்த்துவிட்டு வந்து கேட்டால், பின்னால் வந்த அறிக்கையை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

வேகத்தைப் பற்றிப் பாடத்தில் அழுத்தமாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு இத்தனை கி.மீ. என்ற எண்ணை 3.6ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். 60 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரை ஏறத்தாழ 17 கிலோ எடையால் தள்ளுகிறது. 120 கி.மீ. காற்றுக்கு அது 68 கிலோ. மூன்று சதுர மீட்டர் தகரத் தகடு என்றால் 50 கிலோவுக்கும் 200 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். நான்கு ஜே போல்ட் இருக்கும் இடத்தில் இரண்டு மட்டும் போட்ட கூரையை நினைத்துப் பாருங்கள்.

இப்போது கஜாவையும் ஃபானியையும் சைஸ் சீட்டுப்படி பார்த்துவிடலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜாவின் காற்று மணிக்குச் சுமார் 130 கி.மீ.; அதிதீவிரம். 2019 மே 3 அன்று பூரி அருகே கடந்த ஃபானியின் காற்று 175 முதல் 185 கி.மீ.; மிக அதிதீவிரம். வேகத்தில் 50 கி.மீ. கூடுதல் என்றாலும் தள்ளும் விசையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எனவே காற்றில் ஃபானிதான் பெரியது. ஒடிசா மாணவன் வெற்றி பெற்றுவிட்டான் என்று இங்கேயே நிறுத்திவிடலாம். தேர்வுக்கும் இது போதும். ஆனால் வேதாரண்யத்து மாணவியிடம் 'உன் தாத்தா தோப்பில் விழுந்தது சிறிய புயல்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனம் வராதது இருக்கட்டும், அப்படிச் சொல்வது அறிவியல்படியும் சரியில்லை. சீட்டு சொல்வது காற்றை மட்டும். ஜிஎஸ்எம் சரியாக இருக்கிறது என்பதற்காக அந்தத் துணி சாயம் போகாது என்று எங்கள் ஊரில் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

இரண்டு புயல்கள், ஒரே கடற்கரை

இதை விளங்க வைக்க நிவரையும் ஃபெஞ்சலையும்விட நல்ல சோடி கிடைக்காது. இரண்டும் புதுச்சேரியை ஒட்டியே கரையைக் கடந்தன. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி மரக்காணம் அருகே கடந்த நிவர் அதிதீவிரப் புயல், மணிக்குச் சுமார் 120 கி.மீ. 2024 நவம்பர் 30 இரவு கடந்த ஃபெஞ்சல் வெறும் 'புயல்', 70 முதல் 80 கி.மீ. காற்றின் விசையில் நிவர் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நிவருக்கு மாநிலம் முழுவதும் பொது விடுமுறை விட்டார்கள், லட்சக்கணக்கானோரை முகாம்களுக்கு மாற்றினார்கள். மழை பெய்தது, செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது, பயிர்களும் சாய்ந்தன. ஆனாலும் பயந்த அளவுக்குப் பாதிப்பு இல்லை.

ஃபெஞ்சலோ கரையைக் கடந்த பிறகு புதுச்சேரியை விட்டு நகர மறுத்து மணிக்கணக்கில் நின்றது. மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் 50 செ.மீ. அளவில் மழை கொட்டியது. பிறகு உள்நாட்டுக்குள் நகர்ந்து, கடலையே பார்க்காத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையிலும் அதே அளவு கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை மீறியது. அரசூர் அருகே சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடிப் போக்குவரத்து நின்றது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரே வீட்டில் 7 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. இத்தனையையும் செய்தது, ஏணியில் புயல் என்ற பெயர் கிடைக்கும் முதல் படியில் நின்ற ஒன்று.

காரணம் எளியது. மழை எவ்வளவு பெய்யும் என்பதைக் காற்றின் வேகம் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு ஈரத்தைக் கடலிலிருந்து இழுக்கிறது, எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பவையே முக்கியம். வேகமாகக் கடந்து போகும் பெரும்புயல் ஓர் ஊருக்குக் கொடுக்கும் தண்ணீரைவிட, நின்று பெய்யும் சிறுபுயல் அதிகம் கொடுக்கும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. கடலோரமாக மெல்ல நகர்ந்துபோய், ஆந்திரத்தின் பாபட்லா அருகே கடந்தது.

இன்னும் ஒரு படி கீழே போகலாம். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்து சென்னை மூழ்கியதே, அதற்குப் பெயரே கிடையாது. அது புயல் அல்ல. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்ததே, அது வளிமண்டலச் சுழற்சி ஒன்றால் வந்தது. ஏணியின் முதல் படியில்கூட அது கால் வைக்கவில்லை. அந்த 95 செ.மீ., எங்கள் திருப்பூரில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அதிகம். "புயல் இல்லையாம், வெறும் மழைதானாம்" என்று பெற்றோர் நிம்மதியாகச் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இந்த 'வெறும்' என்ற சொல்லில்தான் எனக்குக் கவலை.

கடல் ஏறி வருவது

மழையைப் போலவே சீட்டில் எழுதப்படாத இன்னொன்று புயலலை. புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறையும்போது அங்கே கடல் சற்று உயரும். ஒரு மில்லிபார் குறைந்தால் சுமார் 1 செ.மீ. இயல்பான அழுத்தம் 1013. 1999 ஒடிசா சூப்பர் புயலில் அது 912 வரை இறங்கியது. அந்தக் கணக்கில் கடல் ஒரு மீட்டர்தான் உயர்ந்திருக்க வேண்டும். ஆனால் உயர்ந்தது 5 மீட்டருக்கும் மேல். மீதியைச் செய்தது காற்று. ஆழமற்ற கடலில் நீரைக் கரையை நோக்கித் தள்ளிக் குவித்தது. எனவே புயலலையின் உயரம் காற்றை மட்டுமல்ல, புயலின் அகலம், கடலடியின் சரிவு, கரையின் வளைவு, அந்த நேரத்து ஓதம் எல்லாவற்றையும் சார்ந்தது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் பயணிகளோடு ரயிலையே கொண்டுபோனது இப்படி ஏறி வந்த கடல்தான்.

சாஃபிர் - சிம்ப்சன் அளவில் முதலில் ஒவ்வொரு வகைக்கும் இத்தனை அடி அலை என்றும் எழுதியிருந்தார்கள். 2005இல் கத்ரீனா மூன்றாம் வகையாகத்தான் லூசியானாவில் கரையேறியது. அது எழுப்பிய அலை 8 மீட்டரைத் தாண்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எண்ணும் அலையும் பொருந்தவில்லை என்பது மீண்டும் மீண்டும் தெரிந்ததால், 2010இல் அலையையும் அழுத்தத்தையும் அந்த அளவிலிருந்து நீக்கி, 'காற்று அளவு' என்று பெயரையும் மாற்றிவிட்டார்கள். இது காற்றை மட்டுமே சொல்லும் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டது நேர்மையான காரியம்.

ஒக்கியை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்கு அருகே கடலில் புயலான அது தமிழ்நாட்டில் கரையைக் கடக்கவே இல்லை. ஆனால் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக மாற ஏறத்தாழ ஒரே நாள்தான் எடுத்துக்கொண்டது. ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் அதற்குள் திரும்ப வழியில்லை. கரை கடக்கும் வேகத்தை மட்டும் வைத்துப் போடும் பட்டியலில் அந்த மீனவக் கிராமங்களின் இழப்புக்கு இடமே இருக்காது.

அப்படியானால் இறந்தவர் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதிலும் சிக்கல். 1999 அக்டோபர் 29 அன்று பாராதீப் பக்கம் தாக்கிய சூப்பர் புயலில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். அதே ஒடிசாவில் 2013 அக்டோபர் 12 அன்று கோபால்பூர் அருகே வந்த பாய்லின் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டிய புயல். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. காற்று அந்த அளவுக்கு இளைத்துவிடவில்லை. இடையில் ஒடிசா புயல் பாதுகாப்புக் கட்டடங்களைக் கட்டியிருந்தது, தனி ஆணையம் அமைத்திருந்தது, புயலுக்கு முன்பே பத்து லட்சம் பேர் அளவில் இடம் மாற்றியிருந்தது. எனவே சாவு எண்ணிக்கை புயலை அளப்பதைவிட ஊரின் தயார்நிலையைத்தான் அதிகம் அளக்கிறது. ரூபாய்ச் சேதமும் அப்படியே. நிறையக் கட்டியிருக்கும் இடத்தில் நிறைய இடியும். ஆண்டுக்கு ஆண்டு விலைவாசியும் வேறு. கஜாவில் விழுந்த லட்சக்கணக்கான தென்னைகளை அன்றைய சந்தை விலைக்கு மதிப்பிட்டாலும், ஒரு கன்று வளர்ந்து முழுக் காய்ப்புக்கு வர எடுக்கும் ஆண்டுகள் அந்தத் தொகையில் வருவதில்லை. அந்த ஆண்டுகளில்தான் சில குடும்பங்கள் ரயிலேறி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தன.

கூண்டு எண்ணும் தரவரிசை அல்ல

இன்னும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் நல்லது. "நாகை துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு" என்று செய்தி வரும். பத்துக்கு மூன்று மதிப்பெண் போல என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள், பெரியவர்களும்தான். 1, 2 தொலைவில் இருப்பதைச் சொல்பவை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின்மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. இதே வரிசை பெரும் அபாயத்துக்கு 8, 9, 10. தகவல் தொடர்பே அறுந்துபோனால் 11.

இடமும் வலமும் ஏன் முக்கியம்? நம் அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கிழக்கிலிருந்து நம் கரைக்கு வரும் புயலுக்கு வலப்பக்கம் என்பது வடபுறம். அங்கே சுற்றும் காற்றோடு புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்ளும். காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுவதால் அலையும் ஏறும். தென்புறத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். எனவே கரை கடக்கும் இடத்துக்கு 30 கி.மீ. வடக்கே இருக்கும் ஊருக்கும் 30 கி.மீ. தெற்கே இருக்கும் ஊருக்கும் ஒரே புயல் ஒன்றாக இருக்காது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் இடஞ்சுழியாகக் கலக்கியபடியே தட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோனால் இது கண்ணுக்கே தெரியும். தொடக்க வகுப்புகளிலும் செய்து காட்டலாம்.

எங்கள் வகுப்பில் இப்போது புயல்களுக்கு ஒரே வரிசைப் பட்டியல் போடுவதில்லை. ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டு, காற்று, 24 மணி நேர மழை, கடல் ஏறியதா, எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனை பேரை முன்கூட்டி மாற்றினார்கள் என்று தனித்தனிப் பத்திகள். ஒவ்வொரு பத்திக்கும் முதலிடம் வேறு வேறாக வருகிறது. காயல்பட்டினம் மழைக்கு 'பெயர்' என்ற கட்டத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். இதைக் கணக்குப் பாடத்தோடும் இணைக்க முடிகிறது. 1 செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 10 லிட்டர். 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள மைதானத்தில் 50 செ.மீ. பெய்தால் 5 லட்சம் லிட்டர். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் 42 லாரி. காயல்பட்டினத்து மழை என்றால் 79 லாரி. தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற பிள்ளைகளுக்கு மில்லிமீட்டரைவிட லாரிக் கணக்கு சட்டென்று பிடிபடுகிறது.

வானிலைத் துறையின் நிற எச்சரிக்கையையும் அந்த அட்டையின் ஓரத்தில் எழுதி வைக்கலாம். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அது அதிகனமழை. அந்த நாளில் புயலுக்குப் பெயர் இருக்கிறதா, அது தீவிரமா அதிதீவிரமா என்பது உள்நாட்டு ஊர்களுக்கு இரண்டாம்பட்சம். எங்களுக்கு முதல் கேள்வி, நொய்யலும் ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் எவ்வளவு தாங்கும் என்பதுதான். 2011 நவம்பரில் அவை கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தன, உயிர்களும் போயின. மைதானத்தில் விழும் அந்த 42 லாரித் தண்ணீர் எந்தத் தெரு வழியாக எந்த ஓடைக்குப் போகும் என்று வரைபடம் வரைந்து வரச் சொல்லுங்கள். வீட்டிலும் பக்கத்திலும் உள்ள பெரியவர்களைக் கேட்டு, தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் காட்டச் சொல்லி, தரையிலிருந்து அந்த உயரத்தை டேப் வைத்து அளந்து வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நவம்பரை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள்.